மூணாவது தண்ணியில தெரியும் ஊலாங்

போன மாசம் பால் சேர்க்காம குடிக்கிற டீ பத்தி இந்தப் பக்கத்துல ரெண்டு வரி எழுதியிருந்தேன், அதுக்கு வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஊலாங்ங்கற டீ வகை பத்திதான், அதுலயும் பால் வாசனை, பீச் பழ வாசனை, பூ வாசனைன்னு ஃப்ளேவர் போட்ட ஊலாங். அதனால இந்தத் தடவை முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன்.

கேள்வி: அக்கா, என் நாத்தனார் பையன் தைவான் போயிட்டு வரும்போது மூணு பாக்கெட் ஊலாங் வாங்கிட்டு வந்தான். ஒண்ணு பால் வாசனை, ஒண்ணு பீச், இன்னொண்ணுல மஞ்சளா பொடிப் பொடிப் பூ கிடக்கு. வழக்கமா போடற மாதிரி பால் விட்டுக் கொதிக்க வெச்சு சர்க்கரை போட்டேன், கசப்பும் சென்ட் வாசனையுமா வாயில வைக்க முடியல. டீ கெட்டுப் போனதா, நான் போட்டது தப்பா?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: டீ கெட்டுப் போகலம்மா, போட்ட விதம்தான் அதுக்கு ஒத்துக்கல. நாம தினம் குடிக்கிற டஸ்ட் டீ பாலையும் சர்க்கரையையும் தாங்கறதுக்குன்னே செஞ்சது, ஊலாங் அப்படி இல்ல. செடி எல்லாம் ஒரே செடிதான். வாழைக்காய நறுக்கி வெச்சா கொஞ்ச நேரத்துல கருக்குதுல்ல, டீ இலையும் பறிச்சுக் கசக்கினா அதே மாதிரிதான் கருக்கும். கிரீன் டீக்கு அது கருக்கறதுக்கு முன்னாடியே சூடு காட்டி நிறுத்திடுவாங்க, நம்ம டீக்கு முழுசா கருக்க விட்டுடுவாங்க, ஊலாங்ல மட்டும் நடுவழியில எங்கயோ ஒரு இடத்துல நிறுத்துவாங்க, அந்த இடம் எதுங்கறதுதான் செய்யறவங்க கைப்பக்குவம். சீக்கிரம் நிறுத்தினா பச்சையா பூ வாசனையா இருக்கும், தள்ளி நிறுத்தினா தேனும் வறுத்த வாசனையுமா வரும். அதுமேல பாலக் கொட்டினா எல்லாம் அமுங்கிடும், அடுப்புல கொதிக்க விட்டா கசப்பு மட்டும் முழுசா இறங்கிடும்.

இனிமே இப்படிப் பண்ணிப் பாருங்க. இலை மிளகை விடக் கொஞ்சம் பெருசா சுருட்டின உருண்டையா இருக்கும், அதுல ஒரு டீஸ்பூன், அதாவது கிட்டத்தட்ட 3 கிராம், 150 மில்லி தண்ணிக்குப் போதும். எவர்சில்வர் டம்ளர் வேண்டாம், உதடு சுட்டுட்டா ருசி தெரியாது, பீங்கான் கப்பும் அதுக்கு மேல மூட ஒரு தட்டும் இருந்தா சரி. முதல்ல வெந்நீர் ஊத்தி கப்பை சூடு பண்ணிட்டு அந்தத் தண்ணியக் கொட்டிடுங்க. சூடான காலிக் கப்புல இலையப் போட்டு மூடி, ரெண்டு குலுக்கு குலுக்கி, திறந்த உடனே மோந்து பாருங்க. நான் தினமும் பண்ணாலும் இந்த ஒரு நிமிஷம் எனக்கு அலுக்கவே இல்ல, குடிக்கறதுல பாதி சந்தோஷம் இதுலயே வந்துடும். அப்புறம் தண்ணிய நல்லா கொதிக்க விட்டு அடுப்ப அணைச்சு, ஒரு நிமிஷம் விட்டு ஊத்தி மூடி வெச்சு, ரெண்டு நிமிஷத்துல கடைசிச் சொட்டு வரைக்கும் வேற கப்புக்கு வடிச்சிடணும். இலைய தண்ணியிலயே ஊற விட்டுட்டு போன் பேசப் போயிடாதீங்க, கசந்துடும்.

முக்கியமான விஷயம், இலையத் தூக்கிப் போடாதீங்க. அதே இலையில ரெண்டாவது தண்ணி ஊத்துங்க, இப்போ இலை பிரிஞ்சிருக்கும், ஒன்றரை நிமிஷம் போதும். அடுத்து மூணாவது தண்ணி, அதுக்கு மூணு நிமிஷம். மேல பூசின வாசனை பெரும்பாலும் முதல் தண்ணியோட போயிடும், ரெண்டாவதுல கொஞ்சம் நிக்கும், மூணாவதுல வர்றது டீயோட சொந்த ருசி. அந்த மூணாவது கப் குடிக்க நல்லா இருந்தா அது நல்ல ஊலாங்குக்கு வாசனை சேர்த்தது. வெறும் வெந்நீர் மாதிரி இருந்தாலோ நாக்கு வறண்டு போற மாதிரி இருந்தாலோ சுமாரான இலைய மறைக்கத்தான் வாசனை போட்டிருக்காங்கன்னு அர்த்தம். ஃப்ளேவர் போட்ட டீ எதை வாங்கினாலும் நான் பாக்கற ஒரே சோதனை இதுதான். உங்க மூணு பாக்கெட்டையும் இப்படியே பாருங்க, எது மூணாவது தண்ணி வரைக்கும் வருதுன்னு எனக்கும் எழுதுங்க.

கேள்வி: மில்க் ஊலாங்ல நிஜமாவே பால் இருக்கா? இலையப் பால் ஆவியில வேக வைப்பாங்கன்னு கடைக்காரர் சொன்னார். எனக்குப் பால் ஒத்துக்காது.
– ஒரு வாசகர், சென்னை

பதில்: பால் ஆவிக் கதைய நானும் பல கடைகள்ல கேட்டிருக்கேன், அது உண்மை இல்லங்க. தைவான்ல டீ ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க உருவாக்கி 1981-ல வெளியிட்ட ஒரு ரகம் இருக்கு, பேரு ஜின் ஷுவான், அங்க 12-ம் நம்பர் ரகம்னும் சொல்லுவாங்க. அந்தச் செடியோட இலையிலயே இயற்கையா லேசா ஒரு பால் வாசனை வரும். லேசான்னா ரொம்ப லேசா, பால் காய்ச்சி இறக்கின பாத்திரத்தக் கழுவறதுக்கு முன்னாடி ஒரு வாசனை வருமே, அந்த அளவுதான், கூடவே வாயில வழுவழுன்னு ஒரு பதம் இருக்கும். அது பேர் வாங்கினதும் சாதாரண ஊலாங் மேல பால் ஃப்ளேவரத் தெளிச்சு விக்க ஆரம்பிச்சாங்க, இன்னிக்கு மில்க் ஊலாங்னு சல்லிசா கிடைக்கறதுல நிறைய அதுதான். பாக்கெட்டப் பிரிச்ச உடனே பால்கோவா மாதிரி, கன்டென்ஸ்டு மில்க் மாதிரி குப்புன்னு அடிச்சா அது சேர்த்த வாசனை. சேர்த்ததுனால அது கெட்ட டீன்னு நான் சொல்ல மாட்டேன், எனக்கே மழை நாள்ல அந்த வாசனை பிடிக்கும், ஆனா ஜின் ஷுவான்னு சொல்லி அந்த விலைக்கு அத விக்கக்கூடாது. உங்களுக்குப் பால் ஒத்துக்காதுங்கறதால, ஃப்ளேவர் சேர்த்ததுன்னா லேபிள்ல பால் சம்பந்தப்பட்ட பொருள் ஏதாவது எழுதியிருக்கான்னு பாத்துட்டு வாங்குங்க, சந்தேகமா இருந்தா விட்டுடுங்க.

கேள்வி: பீச் ஊலாங் வாசனை ஆள அசத்துது அக்கா, ஆனா குடிச்சா வாயில பழமே தெரியல, ஏமாத்தின மாதிரி இருக்கு. ஏன்?
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: உங்கள யாரும் ஏமாத்தல தம்பி. நாக்குக்குத் தெரிஞ்சது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் உமாமின்னு சொல்ற அந்தக் குழம்புச் சுவை, அவ்வளவுதான். பீச்சுங்கறது முழுக்க மூக்கு வேலை. பழத்துல இருக்கற சர்க்கரையும் புளிப்பும் இந்த டீயில கிடையாது, வாசனை மட்டும்தான் இருக்கு, மூக்கு பழம்னு சொல்லுது, நாக்கு இனிப்பு எங்கன்னு தேடுது. அதனால குடிக்கிற விதத்த மாத்துங்க. வாய் நிறைய எடுக்காம கொஞ்சமா உறிஞ்சுங்க, ரசத்த சர்ருன்னு உறிஞ்சற மாதிரி காத்தோட சேர்த்து, டீ டேஸ்டர்களும் சத்தம் போட்டு இப்படித்தான் உறிஞ்சுவாங்க, சத்தத்துக்குக் கூச்சப்படாதீங்க. முழுங்கினதும் வாய மூடிட்டு மூக்கு வழியா மெதுவா மூச்சு விடுங்க, பீச் அப்போதான் தொண்டைக்குப் பின்னாடி இருந்து மேல ஏறி வரும். குடிச்சு முடிச்ச காலிக் கப்பை ஒரு நிமிஷம் ஆற விட்டு அதையும் மோந்து பாருங்க. தைவான்ல இதுக்குன்னே ஒல்லியா உசரமா ஒரு மோந்து பாக்கற கப் வெச்சிருக்காங்க, டீய முதல்ல அதுல ஊத்தி, அங்க இருந்து குடிக்கிற கப்புக்கு மாத்திட்டு, காலியானத மூக்குகிட்ட கொண்டு போவாங்க. சூட்டுல ஒரு வாசனை, ஆற ஆற வேற வாசனை, கடைசியில வெல்லப்பாகு மாதிரி ஒண்ணு நிக்கும்.

பீச், தேங்காய், பால் மூணுலயும் லாக்டோன்ங்கற ஒரே குடும்பத்து வாசனைப் பொருள் இருக்கு. லேசான ஊலாங்கோட சொந்த வாசனையும் அந்தப் பக்கம்தான் சாயும், அதனாலதான் இந்த ஃப்ளேவரெல்லாம் ஊலாங்கோட ஒட்டிக்குது. அதே பீச்ச கடுமையான டஸ்ட் டீயில போட்டா ரெண்டும் தனித்தனியா நிக்கும்.

மதுரை வெயிலுக்கு இன்னொரு வழி சொல்றேன், ஒரு லிட்டர் சாதா குடிதண்ணியில 8 கிராம் இலையப் போட்டு ஃப்ரிட்ஜ்ல ராத்திரி பூரா வெச்சுட்டு காலைல வடிகட்டிக் குடிங்க. கசப்பு ரொம்பக் குறைஞ்சிடும், சர்க்கரை போடாமலே இனிக்கற மாதிரி இருக்கும், பீச் ஊலாங்க நான் இப்ப வெயில் காலத்துல இப்படி மட்டும்தான் குடிக்கறேன்.

கேள்வி: ஊலாங்ல பூ வாசனைய எப்படி ஏத்தறாங்க, எசன்ஸா? நம்ம மல்லிய வெச்சு வீட்டுலயே பண்ண முடியுமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: இந்தக் கேள்வி வந்ததுல எனக்கு ரொம்ப சந்தோஷம். பூவோட சேர்ந்த நாரும் மணக்கும்னு நாம சொல்றோம்ல, சீனாவுல டீக்கு அதையேதான் பண்றாங்க. ஃபூஜியன் மாகாணத்துல ஃபூச்சௌன்னு ஒரு ஊர், மல்லிகை டீக்குப் பேர் போனது. மதியத்துல மொட்டாப் பறிச்சு வெச்சிருந்து, ராத்திரி அது விரியற நேரத்துல டீ இலையோட கலந்து குவிச்சு வெச்சிடுவாங்க, விரியும்போது வர்ற வாசனைய இலை இழுத்துக்கும், காலைல வாடின பூவ சலிச்சு எடுத்துட்டு, ஈரம் ஏறின இலையத் திரும்பக் காய வெப்பாங்க. அடுத்த ராத்திரி புதுப் பூ. நல்ல டீக்கு இப்படிப் பல ராத்திரி. அவங்க அதிகமா இதுக்கு கிரீன் டீதான் எடுக்கறாங்க, ஆனா லேசான ஊலாங்குக்கும் இதே முறைதான். அந்தப் பூ வேற ஏதோ பூ இல்ல, நம்ம குண்டு மல்லி இனமேதான், 2013-ல புவிசார் குறியீடு வாங்கின மதுரை மல்லியும் அதே இனம்.

ஊலாங்குக்கு அங்க ரொம்ப விரும்பற பூ ஆஸ்மாந்தஸ், குய்ஹுவான்னு சொல்லுவாங்க, கோயம்புத்தூர் வாசகி மஞ்சளாப் பொடிப் பூன்னு எழுதினது அநேகமா அதாத்தான் இருக்கும். அங்க செப்டம்பர், அக்டோபர் வாக்குல பூக்கும், குய்லின்ங்கற ஊர் பேருக்கே அந்தப் பூமரக் காடுன்னுதான் அர்த்தம். நல்லா பழுத்த பீச்சும் தேனும் கலந்த வாசனை. ஆனா பாக்கெட்டுக்குள்ள பூ கிடக்கறத வெச்சு மட்டும் நம்பிடாதீங்க, காஞ்ச பூவ அழகுக்குத் தூவிட்டு வாசனைய எசன்ஸ்ல ஏத்தறதும் நடக்குது. நம்ம நாட்டுல ஃப்ளேவர் சேர்த்த டீன்னா அத லேபிள்ல எழுதியாகணும், அந்த வரியப் படிங்க.

வீட்டுல தாராளமாப் பண்ணலாம், ஒரே ஒரு நிபந்தனை, பூ உங்க வீட்டுச் செடியில மருந்து அடிக்காம வளர்ந்ததா இருக்கணும். மார்க்கெட் மல்லி, கட்டின சரம் ரெண்டும் வேண்டவே வேண்டாம், தலையில வைக்கிற பூவுக்கு அடிக்கிற பூச்சி மருந்து வயித்துக்குள்ள போகக்கூடாது. வாசனை எதுவும் சேர்க்காத, வறுக்காத லேசான ஊலாங் 50 கிராம், அன்னிக்கு சாயங்காலம் பறிச்ச நுனி பிரியப் போற மொட்டு ரெண்டு கை. காம்பக் கிள்ளிட்டு மூடி போட்ட பீங்கான் ஜாடியில இலை ஒரு வரிசை, மொட்டு ஒரு வரிசைன்னு போட்டு வெச்சுட்டுத் தூங்கப் போயிடுங்க. விடிஞ்சதும் திறங்க, பூவெல்லாம் பழுப்பா துவண்டு கிடக்கும், இலையத் தொட்டா லேசா ஈரம். பூவப் பொறுக்கி எடுத்துட்டு, அடி கனமான வாணலிய சூடாக்கி அடுப்ப அணைச்சுட்டு அதுல இலையப் பரப்பி, கையில எடுத்தா சலசலன்னு வர்ற வரைக்கும் காய விடுங்க. ஈரத்தோட டப்பாவுல அடைச்சா பூஞ்சை பிடிச்சிடும். ரெண்டு ராத்திரி பண்ணாலே வித்தியாசம் நல்லாத் தெரியும். நான் எங்க மாடியில இருக்கற ஒரே ஒரு தொட்டிச் செடியில மொட்டு சேர்த்து சேர்த்து மூணு ராத்திரி பண்ணேன், அந்த டீயோட மூணாவது தண்ணியில கூட, பூ வெச்ச தலையணையில காலைல ஒரு வாசனை இருக்குமே, அது இருந்துச்சு.

கேள்வி: ஜின்செங் ஊலாங் குடிச்சா சர்க்கரை போடாமலே தொண்டையில தித்திப்பு ரொம்ப நேரம் நிக்குது. சுகர் சேர்த்திருக்காங்களா? எனக்கு பிபி மாத்திரை ஓடுது.
– ஓய்வு பெற்ற ஆசிரியர், திருநெல்வேலி

பதில்: ஐயா, அந்தத் தித்திப்பு பெரும்பாலும் அதிமதுரம். ஊலாங் உருண்டை மேல ஜின்செங்ங்கற வேரோட பொடியும் அதிமதுரப் பொடியும் பூசித்தான் அத செய்யறாங்க, அதான் உருண்டை பச்சையா மாவு பூசின மாதிரி இருக்கு. அதிமதுரம் அளவுக்கு மீறினா ரத்த அழுத்தத்த ஏத்தும், உங்க மாத்திரையோடவும் மோதலாம். டாக்டர்கிட்ட கேக்காம தினமும் குடிக்காதீங்க. பூசாத ஊலாங்லயே, நல்ல இலையா இருந்தா குடிச்சு முடிச்சதுக்கு அப்புறம் தொண்டையில மெல்லிசா ஒரு இனிப்பு திரும்பி வரும், நெல்லிக்கா தின்னுட்டு தண்ணி குடிச்ச மாதிரி. அதத் தேடிப் பாருங்க.

கேள்வி: ஊலாங் நம்ம நீலகிரியில செய்யறாங்களா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: செய்யறாங்க, குன்னூர் பக்கம் சில எஸ்டேட்ல. டிசம்பர், ஜனவரி குளிர்ல செடி மெதுவா வளர்றப்ப பறிச்ச இலையில வாசனை கூடுதலா இருக்கும். ஃப்ளேவர் போட்டது வாங்கறதுக்கு முன்னாடி இப்படி வாசனை சேர்க்காத ஒண்ண ஒரு 50 கிராம் வாங்கிக் குடிச்சுப் பழகிக்கோங்க, டீயோட ருசி எது, மேல போட்ட ருசி எதுன்னு அப்போதான் பிரிச்சுச் சொல்ல வரும்.

கேள்வி: மூணு விதமான ஊலாங்கையும் ஒரே டப்பாவுல தனித்தனி கவர்ல போட்டு வெச்சேன், இப்போ எல்லாத்துலயும் பீச் அடிக்குது!
– ஒரு வாசகி, சேலம்

பதில்: அடிக்கத்தான் செய்யும்மா, ராத்திரியோட ராத்திரியா மல்லி வாசனைய இழுத்துக்கற இலை பக்கத்துல இருக்கற பீச்ச விடுமா? ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா இறுக்கமா மூடற தகர டப்பா வேணும், அஞ்சறைப்பெட்டி, சாம்பார் பொடி, ஊதுபத்தி இருக்கற ஷெல்ஃபுல வைக்காதீங்க. இப்போ இருக்கறதுல பீச்ச மட்டும் உடனே வெளிய எடுத்துட்டு, மத்த ரெண்டையும் ஒரு தட்டுல ஒரு மணி நேரம் நிழல்ல பரப்பி வெச்சுப் பாருங்க. கொஞ்சம் குறையும், முழுசாப் போகாது.