நோயாளியின் கட்டியிலிருந்தே அவருக்குத் தடுப்பூசி செய்வது எப்படி?

அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டியிலிருந்து புரதங்களைப் பிரித்து, அதே நோயாளிக்கு ஊசியாகப் போட்டு, அவருடைய எதிர்ப்புச் சக்தியைப் புற்றுநோய் மேல் ஏவிவிடும் முறை இது.

கட்டி நம் செல்லிலேயே பிறந்தது. அதனால் வெள்ளணுக்கள் 'நம்ம ஆள்தான்' என்று பெரும்பாலும் விட்டுவிடும். ஆனால் மரபணு கெட்டதில் சில புரதங்கள் உருமாறியிருக்கும், அதுவும் ஆளுக்கு ஆள் வேறாக.

திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் ஆட்களிடம் ஒரு டேமேஜ் பீஸைக் காட்டி, "இந்த மாதிரி வந்தா ஒதுக்கிருங்க" என்பார்களே, அதுபோலத்தான். ஒரு லாட்டில் ஊசி ஓட்டை, இன்னொன்றில் எண்ணெய்க் கறை. போன லாட்டின் பீஸை வைத்து இந்த லாட்டைப் பிடிக்க முடியாது.

2008-ல் ரஷ்யா சிறுநீரகப் புற்றுநோய்க்கு இப்படியொரு ஊசியை அனுமதித்தது. மற்றபடி பெரும்பாலும் ஆய்வு நிலைதான். கட்டிக்கு ஒளிந்துகொள்ளவும் தெரியும்.

அப்புறம், தடுப்பூசி என்றதும் நோய் வராமல் தடுக்கப் போடுவது என்று நினைக்க வேண்டாம்: இது ஏற்கெனவே நோய் வந்தவருக்கு, அதுவும் வழக்கமான சிகிச்சைக்குப் பதிலாக அல்ல.