களைக்கொல்லி: மலை விவசாயிகளின் கேள்விகளும் பதில்களும்

கேரட் பாத்தியில் புல் மண்டிவிட்டது. தேயிலைக்கு வாங்கிய கிளைபோசேட் மீதி இருக்கிறது. அளவைக் குறைத்து அடிக்கலாமா?
– கேத்தி

வேண்டாம். இலையில் பட்டால் வேர்வரை இறங்கிக் கேரட்டையும் சேர்த்துக் கொன்றுவிடும். குறைவாக அடித்தால் களையும் முழுதாகச் சாகாது. நம் நாட்டில் இதற்குப் பதிவு இருப்பது தேயிலைக்கும் பயிரில்லாத இடங்களுக்கும்தான். அதையும் பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் உள்ளவர்களே தெளிக்க வேண்டும் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆணையிட்டது. லேபிளில் உங்கள் பயிரின் பெயர் இல்லையா, அந்த மருந்தைத் தொடாதீர்கள். கைக்களைக்குக் கூலி கட்டாது என்று தெரியும். பயிர் சிறிதாக இருக்கும்போதே எடுத்தால் ஆள் குறைவாகத்தான் பிடிக்கும்.

ஒரு டேங்க் தண்ணீருக்கு இரண்டு மூடி மருந்து என்கிறார் கடைக்காரர். சரியா?
– கோத்தகிரி

மூடி கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதை நம்பாதீர்கள். லேபிளில் ஹெக்டேர் கணக்கு இருக்கும். ஒரு ஹெக்டேர் ஏறத்தாழ 247 சென்ட். ஹெக்டேருக்கு 1 லிட்டர் மருந்து, 500 லிட்டர் தண்ணீர் என்று போட்டிருந்தால், 10 சென்ட்டுக்கு 40 மில்லி மருந்து, 20 லிட்டர் தண்ணீர். மில்லிக்கோடு உள்ள குவளையில் அளந்து ஊற்றுங்கள்.

முதலில் வெறும் தண்ணீரைத் தெளித்து 10 சென்ட்டுக்கு எவ்வளவு பிடிக்கிறது என்று பாருங்கள். நம் சரிவில் இது ரொம்ப முக்கியம்: ஏறும்போது நடை தளரும், அதே இடத்தில் மருந்து கூடுதலாக விழும். அதனால் மேலும் கீழுமாக நடக்காமல் சரிவுக்குக் குறுக்கே நடங்கள். அப்புறம், தேயிலைக்கு அடித்தால், லேபிளில் சொன்ன காத்திருப்பு நாள் முடியும்வரை கொழுந்து எடுக்கக் கூடாது.

ஓடைத் தண்ணீர் கலங்கி வருகிறது. அதில் மருந்து கலக்கலாமா?
– பூம்பாறை

தெளிந்த தண்ணீர்தான் வேண்டும். கிளைபோசேட், பாராகுவாட் ஆகிய இரண்டு களைக்கொல்லிகளும் களிமண் துகளில் ஒட்டிக்கொள்ளும். களையில் வேலை செய்யாது. டேங்கை ஓடையில் கழுவவே கழுவாதீர்கள், கீழே ஊரே குடிக்கிறது. காலி கேனை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரை டேங்கிலேயே ஊற்றித் தோட்டத்தில் தெளித்துவிடுங்கள். காற்று வீசும்போதும் மழை வரும் போலிருந்தாலும் அடிக்க வேண்டாம்.

லேபிளில் பச்சை முக்கோணம் போட்டிருந்தால் கையுறை தேவையில்லையா?
– குன்னூர்

தேவை. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற வரிசையில் நஞ்சு குறைகிறது, அவ்வளவுதான். பச்சையும் நஞ்சே.

மீதி மருந்தைக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் வைக்கலாமா?
– கொடைக்கானல்

கூடவே கூடாது. குழந்தை எடுத்துக் குடித்துவிடும். பாராகுவாட்டுக்கு முறிவு மருந்தே கிடையாது. லேபிளோடு அதே கேனில் வைத்துப் பூட்டுங்கள். யாராவது குடித்துவிட்டால் உடனே 108-ஐ அழையுங்கள். கேனையும் மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள், டாக்டர் முதலில் கேட்பது மருந்தின் பெயரைத்தான்.