இரண்டு நாள் சிகாகோ: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கேள்வி: ஊரிலிருந்து அம்மாவும் அப்பாவும் வந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு 72 வயது, முழங்கால் வலி. 9 வயதில் மகள். ஜூலையில் ஒரு வெள்ளி, சனி இரண்டு நாள் இண்டியானாபொலிஸிலிருந்து காரில் சிகாகோ போகிறோம். பட்டியல் போட்டால் 15 இடம் வருகிறது. எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது?

பதில்: 15 இடத்தில் ஐந்து தேறினாலே பெரிய விஷயம். நாளுக்கு ஒரு பெரிய அருங்காட்சியகம், மிஞ்சினால் இன்னொரு டிக்கெட், சுற்றி இருக்கும் இலவச இடங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வரைபடத்தில் எல்லாம் அடுத்தடுத்து இருப்பதுபோலத் தெரியும். ஆனால் கலை அருங்காட்சியகமான ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டிலிருந்து இயற்கை வரலாற்று அருங்காட்சியகமான ஃபீல்ட் மியூசியத்துக்கு நடந்தால் நமக்கே 25 நிமிடம் ஆகும். முழங்கால் வலிக்காரரை அந்த வெயிலில் நடத்த முடியாது.

காலை 7 மணிக்குக் கிளம்புங்கள். சுமார் 3 மணி நேரப் பயணம். சிகாகோ கடிகாரம் உங்கள் ஊரைவிட 1 மணி நேரம் பின்தங்கியிருப்பதால் 9 மணிக்கே நகரத்தில் இருப்பீர்கள். திரும்பும்போது அந்த 1 மணி நேரத்தைக் கொடுத்துவிட வேண்டும், கணக்கில் வையுங்கள்.

மில்லேனியம் பார்க்கின் அடியில் உள்ள கராஜில் இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டால் வாசலில் போய் நிறுத்துவதைவிடப் பெரும்பாலும் மலிவு. நகர மையத்தில் மிச்சிகன் அவென்யூ, வாக்கர் டிரைவ் போன்ற சாலைகள் மேலும் கீழுமாக அடுக்காக ஓடுகின்றன. கீழ் அடுக்கில் ஜிபிஎஸ் சமிக்ஞை அறுந்துபோகும், காரின் அம்புக்குறி பக்கத்துத் தெருவில் நிற்கும். அதை நம்பித் திரும்பாமல் வெளிச்சம் தெரியும் வரை நேராகப் போய் மேலே ஏறிவிடுங்கள். கராஜ் நுழைவாயில் எந்தத் தெருவில், எந்த அடுக்கில் என்று முன்பதிவுச் சீட்டிலேயே பார்த்து வைத்தால் பாதித் தலைவலி தீரும்.

முதலில் 'பீன்' என்று எல்லோரும் சொல்லும் கிளவுட் கேட் சிற்பம், மில்லேனியம் பார்க்கிலேயே இருக்கிறது. மும்பையில் பிறந்த அனிஷ் கபூர் செய்தது, 2006இல் முடிந்தது. துருப்பிடிக்காத எஃகுத் தகடுகள் 168, எடை சுமார் 110 டன். பற்றவைத்த தையல்களையெல்லாம் தேய்த்துத் தேய்த்தே மறைத்திருக்கிறார்கள். தூர நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். நீங்கள் 12 அடி உயர வளைவுக்குள் போய் நேர் மேலே பாருங்கள். உட்குழிந்த தொப்புள்போல ஓர் இடம் இருக்கிறது. அதில் ஒரே ஆள் நான்கைந்து உருவமாக நீண்டு, வளைந்து தெரிவார். மகளுக்கு அங்கேயே அரை மணி நேரம் போய்விடும். கூட்டம் 10 மணிக்கு மேல்தான் சேரும்.

பக்கத்திலேயே கிரவுன் ஃபவுண்டன். 50 அடி உயரக் கண்ணாடிக் கோபுரங்கள் இரண்டு, அவற்றில் நகரவாசிகளின் முகங்கள். முகம் உதட்டைக் குவித்ததும் வாயிலிருந்து தண்ணீர் கொட்டும். குழந்தை நனையாமல் வராது. மாற்றுடை, துண்டு காரில் இருக்கட்டும்.

11 மணிக்கு ஆர்ட் இன்ஸ்டிட்யூட் திறக்கும். செவ்வாய், புதன் விடுமுறை என்பதால் உங்கள் வெள்ளிக்கிழமை சரியான தேர்வு. வெண்கலச் சிங்கங்கள் காவல் நிற்கும் மிச்சிகன் அவென்யூ வாசலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் மன்ரோ தெருப் பக்கம் 'மாடர்ன் விங்' வாசல் வழியாக உள்ளே போங்கள், அங்கே படி ஏறும் வேலை இல்லை. சக்கர நாற்காலி இலவசமாகக் கிடைக்கும், முதலில் கேட்பவருக்கு முதலில். அப்பா "எனக்கெதற்கு" என்பார். கேட்காதீர்கள், எடுத்துவிடுங்கள். கட்டடத்தின் நீளம் உள்ளே போன பிறகுதான் தெரியும். 14 வயதுக்குக் கீழ் நுழைவு இலவசம்.

எல்லாக் கூடத்தையும் பார்க்க முயலாதீர்கள். சூராவின் 'லா கிராந்த் ஜாத்' ஓவியத்தை ஒரு முழம் தள்ளி நின்று பார்த்தால் வெறும் புள்ளிகள், பத்தடி பின்வாங்கினால் ஆற்றங்கரை. ஹாப்பரின் 'நைட்ஹாக்ஸ்', கிராண்ட் வுட்டின் 'அமெரிக்கன் கோதிக்' ஓவியங்கள் இரண்டும் இங்கேதான். அதன்பிறகு இந்தியக் கலைக்கூடத்துக்கு அப்பா அம்மாவைக் கூட்டிப்போங்கள். நாகப்பட்டினத்திலிருந்து வந்த 12ஆம் நூற்றாண்டுக் கருங்கல் புத்தர் இந்த அருங்காட்சியகத்தின் சொத்து. சோழநாட்டுச் சிற்பி செதுக்கிய புத்தரை நம்மில் பலர் ஊரிலேயே பார்த்திருக்க மாட்டோம். அவர் எந்தக் கூடத்தில் இருக்கிறார் என்று வாசலிலேயே கேட்டுவிடுங்கள்.

1893 செப்டம்பர் 11 அன்று விவேகானந்தர் பேசிய சர்வசமயப் பேரவை நடந்ததும் இதே கட்டடத்தில்தான். பேசிய மண்டபம் இப்போது இல்லை. அந்த இடத்தில் 1898இல் வந்தது ஃபுல்லர்டன் ஹால். நிகழ்ச்சி இல்லாதபோது பூட்டியிருக்கலாம், அதனால் அதையும் தகவல் மேசையில் விசாரித்துவிட்டுப் போங்கள். அவரை அனுப்பிவைக்கப் பணம் திரட்டியவர்கள் அளசிங்கப் பெருமாள் தலைமையிலான சென்னை இளைஞர்கள் என்பது அப்பாவுக்குத் தெரிந்த கதையாகவே இருக்கும். மகளுக்கு அவரே சொல்லட்டும்.

2 மணிக்கு மேல் விடுதிக்குப் போய் ஓய்வு. பெரியவர்களை வைத்துக்கொண்டு இந்த இடைவேளையை வெட்டினால் இரண்டாம் நாள் மொத்தமும் கெடும். மாலையில் அரிசிச் சாப்பாடு வேண்டுமென்றால் வடக்கே டெவான் அவென்யூ, நம்மூர்க் கடைத்தெரு. அது நீங்கள் ஊர் திரும்பும் திசைக்கு நேர் எதிர் என்பதால் முதல் நாளே முடித்துவிடுங்கள். ஆழமான தட்டில் கனமாகச் சுடும் டீப் டிஷ் பீட்சாதான் என்று மகள் அடம்பிடித்தால், வேக முக்கால் மணி நேரம் ஆகும், பசிக்கு முன்பே ஆர்டர் கொடுங்கள்.

மேலே ஏறி நகரத்தைப் பார்க்கும் கோபுரங்கள் இரண்டில் ஒன்று போதும். வில்லிஸ் டவர் 110 மாடி, 442 மீட்டர், 103ஆம் மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கலாம். ஆனால் ஜூலை வரிசை அப்பாவுக்கு ஆகாது. முன்பு ஹேன்காக் என்று அழைக்கப்பட்ட கோபுரத்தின் 94ஆம் மாடி என் தேர்வு: மிச்சிகன் ஏரியும் மணல் கரையும் ஒரு பக்கம், வில்லிஸ் உட்பட நகரம் முழுவதும் மறுபக்கம். இரண்டுக்கும் பொறியாளர் டாக்காவில் பிறந்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான். ஹேன்காக்கின் முகப்பில் தெரியும் பெரிய எக்ஸ் வடிவச் சட்டங்கள் அலங்காரமல்ல, காற்றின் தள்ளுதலைத் தாங்குபவை அவையே. டிக்கெட் வாங்குமுன் வானத்தைப் பாருங்கள். ஏரியிலிருந்து மூடுபனி ஏறினால் மேலே வெள்ளைச் சுவர்தான். நேரமோ காசோ இழுத்தால் முதலில் கழிக்க வேண்டியதும் இந்தக் கோபுரமே.

கழிக்கக் கூடாதது சனிக்கிழமை காலைப் படகு. கட்டடக்கலைச் சுற்றுலா என்று 90 நிமிடம் ஆற்றில் போகும், உட்கார்ந்தபடியே நகரம் பார்த்துவிடலாம். காலை முதல் சில படகுகளில் ஒன்றைப் பிடியுங்கள், மேல்தளத்தில் நிழல் கிடையாது. துறைக்கு இறங்கப் படிகள் உண்டு, சாய்தள வழியை டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள். விளக்கம் ஆங்கிலத்தில் வேகமாகப் போகும். அதனால் அப்பா அம்மாவிடம் முன்கூட்டியே இரண்டு விஷயங்களைச் சொல்லி வையுங்கள். சோளக்கதிர் போன்ற இரட்டைக் கோபுரம் மரினா சிட்டி, அதன் கீழ்ப்பகுதியின் 19 மாடிகளும் கார் நிறுத்தம். இன்னொன்று அந்த ஆறே: கழிவு ஏரியில் கலந்து குடிநீரைக் கெடுத்ததால் கால்வாய் வெட்டி, 1900இல் அதன் ஓட்டத்தையே திருப்பிவிட்டார்கள். இறங்கியதும் பாலத்துக்கு அந்தப் பக்கம் டிரிப்யூன் டவரின் வெளிச்சுவரைப் பாருங்கள், உலகக் கட்டடங்களின் துண்டுக் கற்களைப் பதித்திருக்கிறார்கள். தாஜ்மகால் கல்லைத் தேடுவதை மகளிடம் விடுங்கள்.

மதியம் ஃபீல்ட் மியூசியம், காரிலேயே. நடுக்கூடத்தில் நிற்கும் பிரம்மாண்ட டைனோசர் எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டு, இங்கே புகழ்பெற்ற 'சூ'வைப் பார்த்தாயிற்று என்று கிளம்பிவிடுகிறார்கள். அது மாக்சிமோ, வார்ப்பு எடுத்த நகல், தொடலாம். 'சூ' என்ற டி-ரெக்ஸின் அசல் எலும்புக்கூடு 2018இலேயே மாடிக்குப் போய்விட்டது, லிஃப்டில் ஏறுங்கள். கடைசி நுழைவு 4 மணி. பக்கத்திலுள்ள சோல்ஜர் ஃபீல்ட் மைதானத்தில் அன்று ஆட்டமோ கச்சேரியோ இருந்தால் பார்க்கிங் கட்டணம் எகிறும். ஜூலைக் கடைசியில் கிராண்ட் பார்க்கில் லோலாபலூசா இசைவிழா வந்தால் சாலைகளும் அடைபடும். விடுதி போடுமுன் இந்த இரண்டு தேதிகளையும் பார்த்துவிடுங்கள்.