தரைமேல் நீச்சல் குளத்துக்கு சோலார் கவரும் ரீலும் வேண்டுமா? சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் ஒரே பதில் இல்லை

கேள்வி: சேலம் அழகாபுரத்தில் வீட்டுக்குப் பின்புறம் 15 அடி வட்டம், 4 அடி உயரத்தில் தரைமேல் நீச்சல் குளம் வைத்திருக்கிறோம். சோலார் கவரும், அதைச் சுருட்டி வைக்கும் ரீலும் வாங்கச் சொல்கிறார்கள். இந்த வெயில் ஊருக்கு அது எதற்கு? ஏற்காட்டுத் தோட்ட வீட்டிலும் ஒரு குளம் வைக்க யோசனை இருக்கிறது, அங்கே பயன்படுமா? சேலம் குளத்தை மொட்டை மாடிக்கு மாற்றலாமா?

பதில்:

கவர் வாங்குங்கள். சோலார் கவர் என்பது தண்ணீர் மேல் மிதக்கும், காற்றுக் குமிழ்கள் உள்ள பிளாஸ்டிக் விரிப்பு. ஆனால் சேலத்தில் அதைத் தண்ணீர் சூடாக வேண்டும் என்று வாங்க வேண்டாம், தண்ணீர் குறையாமல் இருக்க வாங்குங்கள். ஏற்காட்டில் இது அப்படியே தலைகீழ். மோட்டார், ஃபில்டர் வேலைதான் என் தொழில். கீழே சில வீடுகளுக்கும் மலைமேல் சில ஹோம்ஸ்டேகளுக்கும் குளம் பார்த்துக் கொடுக்கிறேன். ஒரே கடையில் வாங்கிய ஒரே கவரை இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி பயன்படுத்தினால் ஓர் இடத்தில் பலன் கிடைக்கும், இன்னோர் இடத்தில் தொல்லைதான் மிஞ்சும்.

முதலில் உங்கள் குளத்தின் கணக்கு. 15 அடி வட்டம் என்றால் மேற்பரப்பு சுமார் 16.4 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. தண்ணீர் இறங்கினால் 1 லிட்டர் போய்விட்டது என்று அர்த்தம். கோடையில் நம் ஊரில் நாளுக்கு 5 மி.மீ. இறங்குவது சாதாரணம், காற்று அடித்தால் இன்னும் கூடும். அப்படியென்றால் தினமும் 80 லிட்டருக்கு மேல், மாதத்துக்குச் சுமார் 2,400 லிட்டர். குளத்தின் மொத்தக் கொள்ளளவே ஏறத்தாழ 17,000 லிட்டர்தான். ஏழில் ஒரு பங்கு தண்ணீர் மாதாமாதம் காற்றில் போகிறது. மேட்டூர்த் தண்ணீர் குழாயில் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது, இதை யாரும் சொல்வதில்லை. ஆவியாகிப் போவது சுத்தத் தண்ணீர் மட்டும். உப்பும் சுண்ணாம்பும் குளத்திலேயே தங்கிவிடும். குறைந்ததை போர் தண்ணீர் விட்டு நிரப்பினால் மேலும் கொஞ்சம் சுண்ணாம்பு சேரும். ஒரு கோடை முழுக்க இப்படியே போனால் லைனரிலும் (குளத்தின் உள்பக்கப் பிளாஸ்டிக் விரிப்பு) ஏணியிலும் வெள்ளை வெள்ளையாகப் படியும், ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். ஆசிட் ஊற்றித் தேய்ப்பவர்கள் பலருக்கு இதன் மூலகாரணம் ஆவியாதல் என்று தெரியாது. மூடியிருக்கும் நேரத்தில் ஆவியாதல் அநேகமாக நின்றுவிடுகிறது. மூடி போட்டால் குறைந்ததை நிரப்ப விடும் தண்ணீர் 30 முதல் 50 சதவீதமும், ரசாயனச் செலவு 35 முதல் 60 சதவீதமும் குறையும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. நம் வெயிலுக்கு அந்த எண்கள் அப்படியே பொருந்துமா என்பது வேறு, ஆனால் போக்கு அதுதான்.

கவர் வாங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு பக்கெட்டில் குளத்துத் தண்ணீரை நிரப்பி, குளத்துக்குள் இருக்கும் ஏணிப்படியில் வையுங்கள். பக்கெட்டிலும் குளத்திலும் தண்ணீர் மட்டத்தைக் குறித்துக்கொண்டு மறுநாள் பாருங்கள், அன்று யாரும் குளிக்க வேண்டாம். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் ஆவியாதல். குளம் மட்டும் அதிகம் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது, அதற்குக் கவர் போட்டுப் பயனில்லை.

சரி, சூடு பற்றி. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். 580 லிட்டர் தண்ணீரை 1 டிகிரி குளிர வைக்கும் அளவு அது. 80 லிட்டர் போனால் உங்கள் குளம் கிட்டத்தட்ட இரண்டே முக்கால் டிகிரி வெப்பத்தை இழக்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே வேலையால்தான். திறந்தவெளிக் குளம் இழக்கும் வெப்பத்தில் சுமார் 70 சதவீதம் ஆவியாதல் வழியாகவே போகிறது என்பதும் அதே அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு.

இப்போது புரிந்திருக்கும். ஏப்ரல், மே மாதம் சேலத்தில் கவரைப் பகல் முழுக்கப் போட்டு வைத்தால், வெயில் உள்ளே இறங்கும், ஆவியாதல் என்ற குளிர்ச்சி வழி அடைபடும். சாயங்காலம் பிள்ளைகள் இறங்கினால் வெந்நீர்த் தொட்டிக்குள் இறங்கியது போல இருக்கும். தண்ணீர் 32 டிகிரியைத் தாண்டினால் பாசிக்குக் கொண்டாட்டம், குளோரின் வேகமாகத் தீரும். அதனால் கோடையில் நான் சொல்வது இது: குளத்துக்கு மேலே நர்சரியில் கட்டும் பச்சை நிழல் வலையைக் கட்டுங்கள். தண்ணீர் அளவான சூட்டில் இருந்தால், குளிக்காத நேரமெல்லாம் கவர் போடலாம். கொதிக்க ஆரம்பித்துவிட்டால் ராத்திரி மட்டும் திறந்து விடுங்கள், விடியும்போது குளிர்ந்திருக்கும். அந்த ஒரு ராத்திரி போகும் தண்ணீருக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம். வெயில் குறைந்த நவம்பர் முதல் பிப்ரவரி வரை இந்தக் கவலை எதுவும் இல்லை, இரவு பகல் போட்டே வைக்கலாம்.

மலைமேல் கதை வேறு. சேலம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்ற பொதுக்கணக்கில் பார்த்தால், இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி முடிப்பதற்குள் எட்டு டிகிரி போய்விடுகிறது. மார்கழி, தை மாதத்தில் அங்கே கவர் இல்லாத குளம் வெறும் அலங்காரம்தான், ஆசைப்பட்டு இறங்குகிறவர் கால் விரலோடு திரும்பிவிடுவார். அங்கே கவரைக் காலையில் வெயில் படும் முன்னாலேயே போட்டு, குளிக்கும் நேரம் மட்டும் எடுத்து, மறுபடி மூடி, இரவு முழுக்க வைக்க வேண்டும். பகலில் சேர்ந்த சூடு ராத்திரியில் போகாமல் இருப்பதுதான் முக்கால்வாசி லாபம். ஆனால் மூடுபனி நாட்கணக்கில் நிற்கும்போது கவரிடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். வராத வெயிலை அது கொண்டுவராது. ஹீட் பம்ப் வைக்க யோசித்தால் முதலில் கவரை வாங்குங்கள், மூடாத குளத்தைக் கரண்ட் செலவழித்துச் சூடாக்குவது வீண்.

எந்தக் கவர்? பண்ணைக் குட்டைக்கு விரிக்கும் ஷீட்டைப் போல இதன் தடிமனையும் மைக்ரான் கணக்கில் சொல்வார்கள். 200, 300, 400, 500 என்று கிடைக்கும். மெல்லியது எடுக்க லேசு, ஆனால் நம் வெயிலில் சீக்கிரம் பொடிந்துவிடும். 400 பக்கம் எடுங்கள். ஏற்காட்டுக்குக் கண்ணாடி போலத் தெரியும் நிறமில்லாதது நல்லது. வெயிலை அதிகம் உள்ளே விடுவது அதுதான். கறுப்பு நிறம் வெயிலை இழுக்கும் என்று கடையில் சொல்வார்கள். இழுக்கும், ஆனால் அந்தச் சூடு மேல்மட்டத்திலேயே நிற்கும், பாதி காற்றோடு போகும். சேலத்துக்கு மேல்பக்கம் வெள்ளி நிறம் உள்ளது கிடைத்தால் அதையே எடுங்கள். குமிழ்கள் தண்ணீரைத் தொடும்படி கீழ்நோக்கி இருக்க வேண்டும். வாங்கியதும் வெட்டாதீர்கள். சில நாள் தண்ணீர் மேல் விரித்துப் போட்டால் மடிப்பெல்லாம் நீங்கிப் படியும், அதன் பிறகு குளத்தின் உள்சுற்றுக்குச் சரியாக வெட்டுங்கள். கவரின் விளிம்பு சுவர் மேல் ஏறி நின்றால் இடுக்கு வழியாகக் காற்று புகுந்து பாதிப் பலன் போய்விடும்.

ரீலுக்கு வருகிறேன். கவர் வாங்கிய வீடுகளில் பாதிப் பேர் ஏன் போடுவதில்லை என்றால், ஈரக் கவரை மடித்து எடுக்க இரண்டு ஆள் வேண்டும். ஏற்காட்டில் ஹோம்ஸ்டே வைத்திருக்கும் என் மாமாவிடம், "ஏங்க மாமா, கவர் போடலையா?" என்று கேட்டால், "அதை யாரு மாப்ள தினமும் எடுத்துப் போடறது" என்றார். ரீல் வந்த பிறகு அவரே தனியாகச் சுருட்டுகிறார். 12 அடிக்குக் குறைந்த வட்டக் குளமாக இருந்தால் ரீல் வேண்டாம், கவரை நடுவில் வெட்டி இரண்டு பாதியாக வைத்துக்கொண்டால் போதும். 15 அடிக்கு ரீல் இருந்தால்தான் கவர் தினமும் குளத்து மேல் ஏறும்.

தரைமேல் குளத்துக்கு விற்கும் ரீல்களில் பல, மேல்விளிம்பில் கவ்விக்கொள்ளும் வகை. அது இரும்புத் தகட்டுச் சுவரும் அகலமான மேல்பட்டையும் உள்ள குளங்களுக்கானது. நம் ஊரில் அதிகம் விற்பது குழாய் ஃபிரேமில் லைனர் தொங்கும் குளம். அந்த ஃபிரேமில் ரீலைக் கவ்வவிட்டு இழுக்கக் கூடாது. பக்கவாட்டு இழுவையைத் தாங்க அது செய்யப்படவில்லை. உங்களுடையது எந்த வகை என்று முதலில் பாருங்கள்.

ஃபிரேம் குளம் என்றால் வெல்டிங் பட்டறையில் செய்துகொள்வதே மேல். குளத்துக்கு வெளியே, தரையில் கான்கிரீட் போட்டு இரண்டு கால்கள், மேலே பேரிங், நடுவே ஒரு பைப், ஒரு கைப்பிடி. இவ்வளவுதான் ரீல். பைப்பின் நீளம் குளத்தின் அகலத்தைவிடக் கொஞ்சம் கூட இருக்க வேண்டும். பைப் 20 அடி நீளத்தில் வருவதால் 15 அடிக் குளத்துக்கு இணைப்பு போடத் தேவையில்லை. மெல்லிய ஒன்றரை அங்குலப் பைப் நடுவில் தொங்கும், கவர் கோணலாகச் சுற்றும். 3 அங்குலம் எடுங்கள். ஜிஐ பைப் என்றால் வெட்டிய முனைகளிலும் வெல்டிங் பட்ட இடத்திலும் பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள், குளோரின் அங்கேதான் முதலில் அரிக்கும்.

வட்டக் குளத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கவரின் விளிம்பு வளைவாக இருப்பதால் நடுப்பகுதி பைப்புக்கு அருகிலும் ஓரங்கள் தூரத்திலும் இருக்கும். கவரைப் பைப்போடு இணைக்கும் எல்லாப் பட்டையையும் ஒரே நீளத்தில் கட்டினால் கவர் நடுவில் மட்டும் இழுபட்டுச் சுருங்கும். நடுவில் குட்டை, ஓரத்துக்குப் போகப் போக நீளம் என்று கட்ட வேண்டும். எதிர்ப்பக்க விளிம்பில் ஒரு நைலான் கயிறு கட்டி விடுங்கள், மறுபடி விரிக்கும்போது அந்தப் பக்கம் நின்று இழுக்கலாம். கவர் உரசும் விளிம்பில் பிவிசி பைப்பை நீளவாக்கில் பிளந்து மாட்டிவிட்டால் குமிழ் கிழியாது.

சுருட்டிய கவரை வெயிலில் விடவே கூடாது. சுற்றுகளுக்கு நடுவில் சூடு அடைபட்டு, குமிழ்கள் ஒன்றோடொன்று ஒட்டி உரிந்துவிடும். தண்ணீர் மேல் கிடக்கும்போது தண்ணீர் அதைக் குளிர வைக்கிறது, ரீலில் அதற்கு வழி இல்லை. மேலே வெள்ளைத் துணியோ வெள்ளைத் தார்ப்பாயோ போர்த்துங்கள். சேலத்தில் கவர்கள் சீக்கிரம் சாவதற்கு முதல் காரணம் இதுதான். குமிழ்த் துகள்கள் ஃபில்டரில் வர ஆரம்பித்தால் ஆயுசு முடிந்தது, மாற்றுங்கள்.

குளோரினை வெயிலின் புற ஊதாக் கதிர் சிதைக்கிறது, கவர் அதைக் குறைக்கும். அதே சமயம் அதிகக் குளோரின் போட்டுத் தண்ணீரைச் சுத்தப்படுத்தும் நாளில் கவரை எடுத்துவிட வேண்டும். அளவு இயல்புக்கு இறங்கிய பிறகுதான் போட வேண்டும், இல்லாவிட்டால் கவரே அரிபடும்.

மழை பெய்து கவர் மேல் தண்ணீர் தேங்கினால் உடனே தள்ளிவிடுங்கள். டெங்குக் கொசு முட்டையிடத் தேடுவது இப்படிப்பட்ட தெளிந்த தண்ணீரைத்தான். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் இதையும் மனதில் வையுங்கள்: இந்தக் கவர் பாதுகாப்பு மூடி கிடையாது. மேலே விழும் குழந்தையை அது தாங்காது, சுற்றிக்கொள்ளும், வெளியே நிற்பவர் கண்ணுக்கும் தெரியாது. பாதி சுருட்டி மீதியில் நீந்த விடவே விடாதீர்கள். ஆள் இல்லாத நேரம் ஏணியை எடுத்து வைத்துவிடுங்கள்.

ஏற்காட்டில் குளத்துக்கு இடம் பார்க்கும்போது சில்வர் ஓக் மரத்தடியைத் தவிர்த்துவிடுங்கள். இலை விழுவது ஒருபுறம், நிழல் விழுந்தால் கவருக்கு வேலையே இல்லை. சரிவில் மண்ணைக் கொட்டி மேடாக்கி வைக்காமல், வெட்டிச் சமன்படுத்திய கெட்டித் தரையில் வையுங்கள், 17 டன் எடை அது. குரங்குகள் கவரைச் சும்மா விடாது, ரீலுக்குப் போர்த்தும் துணியைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டுங்கள்.

மாடிக்கு மாற்றவே மாற்றாதீர்கள். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடியின் மேல்சுமைக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் அளவு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. மூன்றரை அடித் தண்ணீர் நின்றால் அதே சதுர மீட்டரில் 1,000 கிலோவுக்கு மேல் உட்காரும். பின்புறத்துத் தரையிலேயே இருக்கட்டும்.