துபாய் வண்டியைப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுவரலாமா?

பாளையங்கோட்டை மகாராஜநகரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்கிறார்: "என் மகன் துபாயில் வேலை பார்க்கிறான். என் பேத்திக்கு நடக்க முடியாது, சக்கர நாற்காலிதான். அவளுக்காகவே சாய்தளம் பொருத்திய வேன் ஒன்றை அங்கே வைத்திருக்கிறான். வீடு கட்டுவதற்காகக் குடும்பத்தோடு ஏழு மாதம் இங்கே வந்து தங்கப் போகிறான். அந்த வேனைக் கப்பலில் கொண்டுவர முடியுமா? நடுவில் அவன் ஒரு பதினைந்து நாள் துபாய் போனால் நானோ என் மருமகனோ ஓட்டலாமா? திருநெல்வேலி ஆர்.டி.ஓ. ஆபீஸில் பதிய வேண்டுமா?"

ஐயா, கொண்டுவரலாம், சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் ஏழு மாதம் வைத்திருக்க முடியாது, நீங்களும் மருமகனும் ஓட்டக் கூடாது. பதிவு தேவையில்லை. இந்த மூன்று பதிலும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. அந்த இடம் ஆர்.டி.ஓ. ஆபீஸ் இல்லை, கஸ்டம்ஸ்.

வெளிநாட்டில் ஓடிய வண்டியை நிரந்தரமாக இறக்குமதி செய்தால், வண்டியின் விலையைத் தாண்டி வரி வந்து நிற்கும். அதுவும் தயாரித்து மூன்று வருடத்துக்குள் இருக்க வேண்டும், ஸ்டீயரிங் வலது பக்கம் இருக்க வேண்டும். துபாய் வண்டிக்கு ஸ்டீயரிங் இடது பக்கம். ஆகவே இங்கேயே வைத்துக்கொள்ளும் யோசனைக்கு இடமே இல்லை. வெளிநாட்டில் வசிக்கும் ஒருவர் தற்காலிகமாக வந்து, தன் சொந்த உபயோகத்துக்கு வண்டியைக் கொண்டுவந்து, ஆறு மாதத்துக்குள் திரும்ப எடுத்துச் சென்றால் மட்டும் இந்த வரி கேட்பதில்லை. சலுகை, வந்து போகிற ஆளுக்குத்தான். இங்கேயே குடியிருக்கும் நீங்கள் ஓட்டினால், உங்களிடம் எத்தனை வருட லைசென்ஸ் இருந்தாலும், அந்தச் சலுகையின் அடிப்படையே போய்விடுகிறது. மகன் பக்கத்து சீட்டில் இருந்தாலும் அப்படித்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் துபாய் போகும் பதினைந்து நாளும் வண்டி வீட்டில் நிற்கட்டும். ஆறு மாதக் கணக்கு அப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். கிளம்புவதற்கு முன்னால் வண்டி இறங்கிய துறைமுகத்தின் கஸ்டம்ஸுக்கு எழுதிக் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

இதற்கான காகிதத்தின் பெயர் கார்னே. வண்டிக்கு ஒரு பாஸ்போர்ட் மாதிரி. வண்டி பதிவான நாட்டின் மோட்டார் சங்கம் இதைக் கொடுக்கும். வரிக்கு ஈடாகப் பெரிய தொகையை டெபாசிட்டாகவோ வங்கி உத்தரவாதமாகவோ கேட்பார்கள். புத்தகத்தின் ஒவ்வொரு தாளும் மூன்று துண்டாக இருக்கும். வண்டி உள்ளே வரும்போது ஒரு துண்டைக் கஸ்டம்ஸ் கிழித்துக்கொள்ளும், வெளியே போகும்போது இன்னொன்றை. மூன்றாவது துண்டு புத்தகத்திலேயே நிற்கும். அதில் வரவுக்கு ஒரு முத்திரை, போக்குக்கு ஒரு முத்திரை இருக்க வேண்டும். போக்கு முத்திரை இல்லாமல் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தால் டெபாசிட் கைக்கு வராது.

புத்தகத்தில் சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர், நிறம், எத்தனை சீட், ஸ்டெப்னி, ரேடியோ உட்பட எல்லாம் எழுதியிருக்கும். நான் கூட இருந்து பார்த்த ஒரு வண்டி, எஞ்சின் நம்பரில் ஒரே ஒரு எழுத்து மாறியதால் யார்டில் ஒன்பது நாள் நின்றது. பெயிண்ட் மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த நம்பரில் எட்டு, புத்தகத்தில் பி. அத்தனை நாளுக்கும் துறைமுக வாடகை. ஆகவே மகன் கார்னே வாங்கிய அன்றே, வண்டியின் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, முல்கியாவையும் (துபாய்ப் பதிவு அட்டை) புத்தகத்தையும் எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்க்கட்டும். உங்கள் மகனுடையது மாற்றிக் கட்டிய வேன். சாய்தளமும், எடுத்துவிட்ட சீட்டுகளும் முல்கியாவில் ஏறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். வண்டி மேல் வங்கிக் கடன் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்று முதலில் வேண்டும்.

கார்னே அட்டையில் ஒரு வருடச் செல்லுபடி போட்டிருக்கும். அது புத்தகத்தின் ஆயுள். இந்தியாவில் வண்டிக்குக் கிடைப்பது ஆறு மாதம்தான். நம் ஊரில் இதோடு இன்னொரு கணக்கையும் குழப்பிக்கொள்கிறார்கள். பெங்களூரு வண்டியோ, புளியரை தாண்டி வரும் கேரளா வண்டியோ 12 மாதத்துக்கு மேல் இங்கே இருந்தால் தமிழ்நாட்டு எண் வாங்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம் 47ஆம் பிரிவு. அது இந்தியப் பதிவு உள்ள வண்டிக்கு. துபாய் எண்ணுக்கும் நம் திருநெல்வேலி எண்ணான டி.என். 72க்கும் இடையில் அந்த வழி கிடையாது.

ஏழு மாதத்துக்கு என்ன செய்வது? குடும்பம் முதலில் வரட்டும், வண்டி ஒரு மாதம் கழித்து வரட்டும். ஆறு மாதம் வண்டி இறங்கியதிலிருந்துதான் எண்ணப்படும். திரும்பும் கப்பலைக் கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள்ளாதீர்கள், ஐந்தாம் மாதத்தில் இடம் பதிந்துவிடுங்கள். தூத்துக்குடி உங்களுக்கு ஐம்பது கிலோமீட்டர்தான் என்றாலும், அங்கே கார்னே வண்டி எடுத்துக் கொடுத்த அனுபவம் உள்ள கிளியரிங் ஏஜென்ட் யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே துறைமுகத்தை முடிவு செய்யுங்கள்.

வண்டி இங்கே நாசமாகிவிட்டாலும் கணக்குக் காட்டியாக வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் மாவட்டத்தில் எத்தனை கார்கள் கூரை வரை முங்கின என்பதைப் பார்த்தோம். அப்படி ஒன்று கார்னே வண்டிக்கு நடந்தால் அதைப் பழைய இரும்புக் கடைக்குப் போட முடியாது. கஸ்டம்ஸிடம் ஒப்படைப்பதோ, அவர்கள் மேற்பார்வையில் அழிப்பதோ, வரி கட்டுவதோதான் வழி. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆற்றங்கரைப் பக்கம் நிறுத்தாதீர்கள்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. எனக்கு இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியமாகப் படுகிறது. சாய்தளம் எந்தப் பக்கம் இறங்குகிறது? துபாயில் வண்டிகள் சாலையின் வலது பக்கம் போகின்றன, ஆகவே அங்கே நடைபாதை வண்டிக்கு வலது பக்கம். பக்கவாட்டுச் சாய்தளம் என்றால் பெரும்பாலும் வலது கதவில்தான் இருக்கும். இங்கே அதே வண்டியை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி வாசலில் ஓரம் கட்டினால், அந்தக் கதவு போக்குவரத்துப் பக்கம் திறக்கும். பிள்ளை நாற்காலியோடு நடுரோட்டில் இறங்க வேண்டும், பின்னால் பஸ் வந்துகொண்டிருக்கும். டவுன் ரத வீதியில் நினைத்துப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. பின்கதவில் இறங்கும் சாய்தளமாக இருந்தால் மட்டும் மேலே யோசியுங்கள். வலது கதவு என்றால், என் பேத்தியாக இருந்தால் நான் கொண்டுவர விடமாட்டேன்.

இடது ஸ்டீயரிங் வண்டியை இங்கே ஓட்டச் சட்டம் அனுமதிக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 120ஆம் பிரிவு, சிக்னல் காட்டும் கருவி வேலை செய்ய வேண்டும் என்கிறது, இன்டிகேட்டர் இல்லாத வண்டி இன்று எது? கஷ்டம் சாலையில்தான். நான்குவழிச் சாலையில் நாங்குநேரி வரை போவது எளிது. அம்பாசமுத்திரத்திலிருந்து பாபநாசம் போகும் சாலையில் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டினால், இடது ஓரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு எதிரே வருவது தெரியாது. வலது சீட்டில் இருப்பவர்தான் பார்த்து "இப்ப போலாம்" என்று சொல்ல வேண்டும். அந்தச் சீட்டில் மருமகளோ நீங்களோ இருந்தால், முந்தவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் ஹெட்லைட். வலது பக்கம் ஓடும் நாட்டு வண்டியில் டிம் வெளிச்சம் வலப்புறமாகச் சற்று மேலே தூக்கியிருக்கும். இங்கே அது எதிரே வருபவர் கண்ணில் நேராக அடிக்கும். அதற்கான மறைப்பு ஸ்டிக்கரைத் துபாயிலேயே வாங்கி ஒட்டிக்கொண்டு வரட்டும். இன்னொன்று, நம் பெட்ரோல் பங்குகளில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். வண்டிக் கையேட்டில் எத்தனை சதவீதம் வரை ஏற்கும் என்று எழுதியிருக்கும், பாருங்கள்.

வண்டியில் எப்போதும் இருக்க வேண்டியவை 2022இல் வந்த மத்திய அரசு விதிகளில் உள்ளன: பதிவுச் சான்று, லைசென்ஸ் அல்லது சர்வதேச ஓட்டுநர் அனுமதி, இன்சூரன்ஸ், பொருந்துமானால் புகைச் சான்று. ஆங்கிலத்தில் இல்லாத காகிதத்துக்குச் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு. அந்த விதிகளே உள்ளூர்ப் பயணிகளையும் சரக்கையும் ஏற்றக் கூடாது என்கின்றன. பேத்தியும் பாட்டியும் கூட வருவதை இது தடுக்கிறது என்று நான் நினைக்கவில்லை. ஆனால் வீடு கட்டும் வேலைக்குச் சிமெண்ட் மூட்டையை அதில் ஏற்றிவிடாதீர்கள்.

துபாய் இன்சூரன்ஸில் எந்தெந்த நாடு என்று ஒரு வரி இருக்கும். அதில் இந்தியா இல்லை என்றால் இங்கே மூன்றாம் நபர் பாலிசி எடுக்காமல் துறைமுக வாசலைத் தாண்டக் கூடாது. 146ஆம் பிரிவு இதைக் கட்டாயமாக்குகிறது. வெளிநாட்டுப் பதிவு எண்ணுக்குப் பாலிசி தருவார்களா என்று வண்டி கப்பலேறுவதற்கு முன்னால் கேட்டு, எழுதி வாங்குங்கள்.

சரி, வேறு வழி? கூரை உயரமான இந்திய வேன் ஒன்றை உங்கள் பெயரில் வாங்கி, மடக்கும் அலுமினியச் சாய்தளத்தைப் பின்கதவில் போட்டுப் பயன்படுத்தலாம். நிரந்தரமாகப் பொருத்தினால் ஆர்.டி.ஓ. அனுமதி பெற்று ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும், 52ஆம் பிரிவு. இந்த வண்டியை நீங்களும் ஓட்டலாம், மருமகனும் ஓட்டலாம். அடுத்த முறை பிள்ளை வரும்போதும் அது வாசலில் நிற்கும். கப்பல் வாடகை இரண்டு தடவை, டெபாசிட், ஏஜென்ட் கூலி எல்லாம் கூட்டிப் பார்த்தால் நான் இந்தப் பக்கம்தான் சாய்வேன். ஆனால் அந்த வேனின் உயரமும் நாற்காலியைப் பிடித்துக்கொள்ளும் பட்டையும் பிள்ளையின் உடம்புக்கு அளந்து செய்தவை என்றால், ஆறு மாதத்துக்காக அந்தச் செலவைச் செய்வதில் தவறில்லை.

இன்று இரவு மகன் போன் பண்ணும்போது முதலில் சாய்தளம் எந்தக் கதவில் என்று கேளுங்கள். பின்கதவு என்றால் நாற்காலியோடு பிள்ளையின் உயரத்தையும் சாய்தளத்தின் நீளத்தையும் அளந்து சொல்லச் சொல்லுங்கள். உங்கள் வீட்டு வாசலில் அத்தனை இடம் இருக்கிறதா என்று நாளைக் காலையில் நீங்கள் டேப் பிடித்துப் பார்த்துவிடலாம்.