தொழிற்சங்கத் தலைவர் பாராளுமன்றம் போனால் தொழிலாளிக்கு என்ன கிடைக்கும்?

சங்கத்தில் பேரம் பேசிப் பழகிய ஒருவர் பாராளுமன்றத்துக்குப் போனால் உருப்படியாக ஏதாவது நடக்குமா, இல்லை பதவியோடு சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்தவன். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்குத் தோட்டத் தொழிலாளர் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான்தான் ஞாபகத்துக்கு வருகிறார். சங்கம் கொடுத்த கலண்டரில் அவர் படம் இருந்தது. வருஷம் முடிந்து தாளெல்லாம் கிழிந்து போனபிறகும் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, அந்தப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றவில்லை. அப்பா இடதுசாரிகளின் செங்கொடிச் சங்கத்துக்காரர். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஏதாவது முணுமுணுப்பார். இந்தப் பதிலை அந்த இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

முதலில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். 1986 தைப்பொங்கலை ஒட்டி. எனக்கு எட்டு வயது. விடிந்து வெகுநேரமாகியும் யாரும் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, போகவில்லை. கூடைகள் வாசலில் கவிழ்த்தபடி கிடந்தன, இடுப்பில் கட்டும் படங்கு கொடியில் தொங்கியது. பெண்கள் குளித்துத் திருநீறு பூசி மாரியம்மன் கோயிலடியில் போய் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் கோஷம் போடவில்லை, கொடி பிடிக்கவில்லை. தேவாரம் தெரிந்தவர்கள் பாட, மற்றவர்கள் கைகூப்பி இருந்தார்கள். கணக்கப்பிள்ளை வந்து பார்த்தார். என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. பூசாரி நீட்டிய திருநீற்றை வாங்கிப் பூசிக்கொண்டு ஓரமாக நின்றுவிட்டுப் போனார். மத்தியானத்துக்குப் பிறகு எல்லோரும் மலைக்கு ஏறினார்கள். சாயங்காலம் கொழுந்து லொறி பாதி வயிற்றோடு பெக்டரிக்குப் போனது.

இதற்குப் பெயர் பிரார்த்தனைப் போராட்டம். மூன்று மாதம் நடக்கும் என்று இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் அறிவித்திருந்தது. அறிவித்தவர் அதன் தலைவர் தொண்டமான். அப்போது அவர் ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்தனவின் அமைச்சரவையில் கிராமியக் கைத்தொழில் அபிவிருத்தி அமைச்சர். அரசாங்கத்துக்கு எதிரான போராட்டத்தை அரசாங்கத்தின் அமைச்சரே நடத்தினார்.

இதில் இருந்த சூட்சுமம் எனக்குப் பெரியவனான பிறகுதான் புரிந்தது. வேலைநிறுத்தம் செய்தால் அத்தியாவசிய சேவை என்று ஒரு வர்த்தமானி (அரசிதழ்) அறிவித்தல் போட்டு ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். 1980 ஜூலையில் அதே அரசாங்கம் அப்படித்தான் சுமார் 40,000 பேரின் வேலையைப் பறித்தது. ஆனால் காலையில் கோயிலில் உட்கார்ந்து சாமி கும்பிடுகிறவளை எந்த வர்த்தமானியைப் போட்டுத் தடுப்பது? அதே சமயம் கொழுந்து யாருக்காகவும் காத்திருக்காது. ஒரு மலையில் ஏழு, பத்து நாளுக்கு ஒரு சுற்று எடுக்காவிட்டால் இலை முற்றிப்போகும், அப்புறம் தேயிலையின் தரம் போகும், ஏலத்தில் விலை போகும். தேயிலை போனால் நாட்டுக்கு டொலர் போகும். அரை நாள் பிரார்த்தனைக்கு அவ்வளவு கனம் இருந்தது.

கேட்டது சம்பள உயர்வு அல்ல, பிரஜாவுரிமை. இதைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

தொண்டமான் 1913 இல் தமிழ்நாட்டில் பிறந்தவர். அவர் அப்பா கருப்பையா தோட்டத்துக்குக் கூலியாக வந்து, கங்காணியாகி, கடைசியில் றம்பொடையில் வேவண்டன் என்ற தோட்டத்தையே விலைக்கு வாங்கியவர். அதாவது தொழிலாளர் தலைவர் ஒரு தோட்ட முதலாளியின் மகன், பிறகு தானே முதலாளி. என் அப்பா இதைச் சொல்லித்தான் அவரை நக்கலடிப்பார். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் கணக்குப் புத்தகத்தில் எது எங்கே இருக்கும் என்று அவருக்கு வீட்டிலேயே பாடம் கிடைத்திருக்கிறது. துரைமார் "கட்டுப்படியாகாது" என்று சொன்னால் எது நிஜம், எது நடிப்பு என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

1939 இல் நேரு கொழும்புக்கு வந்தபோது இலங்கை இந்தியன் காங்கிரஸ் உருவானது. அடுத்த வருஷம் அதன் தொழிற்சங்கப் பிரிவு; பிற்பாடு இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஆனது அதுதான். கம்பளைக் கிளையிலிருந்து தொண்டமான் மேலே வந்தார். 1947 பொதுத் தேர்தலில் நுவரெலியா எம்.பி. தோட்டத்து மக்கள் போட்ட வாக்கில் போனவர். அடுத்த வருஷமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அப்பன் இந்த மண்ணில் பிறந்தான் என்று காகிதம் காட்டு என்றது சட்டம். லயத்தில் பிறந்தவனுக்கு ஏது காகிதம்? 1949 இல் வாக்குரிமையும் போனது. 1952 தேர்தலில் அவரை அனுப்பி வைத்த மக்களில் பெரும்பாலானவர்களுக்கு வாக்கே இல்லை. கொழும்பில் சுமார் 140 நாள் சத்தியாக்கிரகம் செய்து பார்த்தார்கள். பெரிதாக எதுவும் அசையவில்லை.

அந்த 140 நாள்தான் அவரை மாற்றியது என்பது என் ஊகம். அதற்குப் பிறகு, எதிராளிக்குத் தன்னிடம் ஒரு தேவை இருக்கும் நேரம் பார்த்துத்தான் அவர் கதவைத் தட்டினார். வாக்கே இல்லாத ஒரு சனத்தின் தலைவர் 1960 இல் ஸ்ரீமாவோ ஆட்சியில் நியமன எம்.பி. ஆனார், 1965 இல் எதிர்க் கட்சியான டட்லி சேனநாயக்கவின் ஆட்சியிலும் நியமன எம்.பி. ஆனார் என்றால் வேறெப்படி விளக்குவது? தேர்தலில் அவரால் எதையும் கொடுக்க முடியாது. ஆனால் மலையில் பேர் விழுவதும், அதாவது ஒரு நாள் வேலை கணக்கில் ஏறுவதும், விழாமல் போவதும் அவர் கையில் இருந்தது.

இடையில் ஒரு பெரிய அடி விழுந்தது. 1964 அக்டோபர் 30, இலங்கை, இந்தியப் பிரதமர்களின் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கொழுந்து நிறுப்பது மாதிரி நிறுத்துப் பிரித்தார்கள். தொண்டமானையும் கேட்கவில்லை, சனத்தையும் கேட்கவில்லை. 1974 இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அம்மாயியின் அண்ணன் குடும்பம் ஹட்டனில் ரயிலேறித் தலைமன்னார் போய், கப்பலில் இராமேஸ்வரம் இறங்கி, கோத்தகிரிப் பக்கம் மறுபடியும் தேயிலைக்கே போனது. அம்மாயி இந்தியாவுக்கான விண்ணப்பத்தில் கைநாட்டு வைக்கவே இல்லை. மறந்துபோய் இல்லை. "என் புள்ளைய இங்கதான பொதைச்சேன்" என்று சொல்லிவிட்டாள்.

இந்தியா ஏற்க ஒப்புக்கொண்ட 6 இலட்சத்தில் விண்ணப்பித்தவர்கள் 5 இலட்சத்து 6 ஆயிரம் பேர்தான். மீதி 94,000 பேர் எந்த நாட்டுக்காரரும் இல்லை. அதில் அம்மாயியும் ஒருத்தி. 1986 இல் மாரியம்மன் கோயிலடியில் கைகூப்பியது இதற்குத்தான். பிரார்த்தனை மூன்று மாதம் நீளவில்லை. அதற்குள் அரசாங்கம் இறங்கி வந்தது. அந்த 94,000 பேருக்கும் இலங்கைப் பிரஜாவுரிமை கொடுக்க அதே வருஷம் சட்டம் வந்தது, 1988 இல் இன்னொன்று. விட்டுப்போனவர்களுக்கு 2003 இல் கடைசிச் சட்டம் வந்தபோது தொண்டமான் உயிரோடு இல்லை.

இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். 1977 தேர்தலில் அவர் மூன்று எம்.பி.க்களைத் தேர்ந்தெடுக்கும் நுவரெலியா - மஸ்கெலியா தொகுதியில் மூன்றாவது எம்.பி.யாகத்தான் வந்தார். காமினி திசாநாயக்க முதலாவது, அனுர பண்டாரநாயக்க இரண்டாவது. 168 பேர் சபையில் ஜே.ஆரின் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 140 பேர். தொண்டமானின் ஒற்றை வாக்கு அவர்களுக்கு எதற்கு? ஒன்றுக்கும் இல்லை. இருந்தும் 1978 இல் கூப்பிட்டு அமைச்சராக்கினார்கள். அவர்கள் கணக்குப் போட்டது சபையில் இருந்த கையை அல்ல, மலையில் இருந்த கைகளை. வடக்குத் தமிழ்க் கட்சிகளோடு தமிழர் கூட்டணியில் தலைமை வரிசையில் இருந்தவர், தனிநாட்டுத் தீர்மானம் மலையகத்துக்குப் பொருந்தாது என்று ஒதுங்கி நின்றதும் அவர்களுக்கு வசதியாக இருந்தது.

அமைச்சரான பிறகுதான் 1984 வேலைநிறுத்தம். அப்போது தோட்டங்கள் ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் என்று அரசாங்கத்தின் கையில். அதாவது முதலாளி அரசாங்கம், அமைச்சரவையில் தொண்டமான், தெருவில் அவருடைய சங்கமும் மற்றச் சங்கங்களும். அதன் முடிவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்சம்பளம் வந்தது. அதுவரை பெண்ணுக்குக் குறைவு. தோட்டத்தில் வருமானம் தருவதே கொழுந்துதான், கொழுந்து எடுப்பது பெண்கள்தான் என்பதை யோசித்தால் அது எவ்வளவு பெரிய அநியாயம் என்று தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் சம்பள நாளன்று வரிசையில் நின்று அம்மாயியின் காசையும் சேர்த்து வாங்கியது தாத்தாதான். அதற்கு எந்தச் சங்கமும் பெரட்டை நிறுத்தவில்லை.

சரி, அப்பாவின் கட்சிக்கும் வருகிறேன். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. 1980 ஜூலையில் அத்தனை பேர் வேலை இழந்தபோது அமைச்சரின் சங்கம் அதில் இறங்கவில்லை. 1992 இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளுக்குக் கைமாறியபோதும் அவர் அமைச்சரவையில்தான் இருந்தார். பிரஜாவுரிமை கிடைத்தவன் வந்து படுத்தது அதே பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்தில். காணி அவன் பெயரில் இல்லை. மாதாமாதம் சம்பளத்தில் சந்தா மட்டும் தவறாமல் கழிந்தது. எல்லாப் பேரமும் ஒரே மனுஷரின் தலைக்குள் நடந்ததால், கீழே இருந்தவர்கள் பேரம் பேசக் கற்றுக்கொள்ளவே இல்லை. தோட்டத் தலைவர், மாவட்டத் தலைவர், அப்புறம் கொழும்பு என்று வரிசையாக மேலே பார்த்துக் காத்திருக்கப் பழகினோம். அவருக்குப் பின் சங்கம் பேரனிடம் போனது, பேரனுக்குப் பின் கொள்ளுப்பேரனிடம். இதற்கு மேல் நான் எழுதினால் எங்கள் ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

1994 கதை ஒன்று பாக்கி. அந்தத் தேர்தலில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தன் சேவல் சின்னத்தில் நிற்கவில்லை, ஐக்கிய தேசியக் கட்சியின் பட்டியலில் யானைச் சின்னத்தில் நின்றது. ஆனால் எதிர் அணியான சந்திரிகாவின் கூட்டணி நூலிழைப் பெரும்பான்மையில் வந்தது. இந்த முறை சபையில் இருந்த கைக்குத்தான் விலை. தொண்டமான் அந்தப் பக்கம் போய்க் கால்நடை அபிவிருத்தி, தோட்ட உட்கட்டமைப்பு அமைச்சரானார். 1999 அக்டோபர் 30 இல் இறக்கும்வரை அரசாங்கத்தில்தான் இருந்தார். ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தான அதே தேதி, 35 வருஷம் கழித்து.

அந்தத் தேர்தலுக்கு அம்மாயியைக் கைப்பிடித்துக் கூட்டிப்போனது நான்தான். எனக்கு 16 வயது, வாக்கு இல்லை. அவள் 1947 இல் 22 வயதில் ஒருமுறை வாக்குப் போட்டவள். அதற்குப் பிறகு இதுதான். சட்டம் வந்தும் ஏதோ ஓர் அலுவலகத்தில் பெயரில் ஓர் எழுத்து மாறி, சான்றிதழ் வந்து, வாக்காளர் இடாப்பில் பெயர் ஏற இவ்வளவு காலம். வாக்குச்சாவடியாக இருந்த பள்ளிக்கூடத்திலிருந்து விரலில் மையோடு வெளியே வந்தவள், "சேவலக் காணோம்டா, யானைதான் இருந்துச்சு, அதுக்கே போட்டேன்" என்றாள்.

சில மாதத்தில் தொண்டமான் சந்திரிகா பக்கம் போன செய்தி வானொலியில் வந்தது. அந்தக் கூட்டணியின் சின்னம் நாற்காலி. அப்பா சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அம்மாயி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "நான் யானைக்குப் போட்டேன், மனுசன் நாக்காலிக்குப் போயிட்டாரா?" என்று கேட்டுவிட்டு, தானும் சிரித்தபடி ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். கலண்டர் படம் அப்படியேதான் இருந்தது.