“இந்த டிரிப் மட்டும் போகட்டும்”

கேள்வி: சங்ககிரியில் எங்களுக்கு மூன்று லாரிகள். அப்பா தொழிலைப் பார்க்கிறார், நான் கணக்கு எழுதுகிறேன், பெரியப்பா மகன் ஒரு வண்டியை ஓட்டுகிறார். டயர், பிரேக் லைனர் (டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும் பட்டை) மாற்றச் சொன்னால் “இந்த டிரிப் போகட்டும், முதலில் வண்டிக் கடன் டியூ கட்டணும்” என்பார் அப்பா. போன மாதம் பெங்களூரிலிருந்து லோடோடு வரும்போது தொப்பூர் மலை இறக்கத்தில் அண்ணனுக்கு பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. எப்படியோ நிறுத்திவிட்டார். வீட்டில் சொல்லாதே என்கிறார். அப்பாவை எதிர்த்துப் பேச எனக்கும் மனம் வரவில்லை. என்ன செய்வது?

பதில்: தம்பி, இன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுங்கள். லைனர், டிரம், பிரேக் இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டர், பிரேக்குக்குக் காற்று போகும் ஏர் லைன் எல்லாம் பார்த்து முடிக்கும்வரை அந்த வண்டியில் லோடு ஏற்ற வேண்டாம்.

தொப்பூர் என்றதும் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குவதைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள். அது நியாயம்தான், கியரில் இருந்தால் இன்ஜினே வண்டியைப் பிடித்து வைக்கும், நியூட்ரலில் விட்டால் மொத்த பாரமும் பிரேக் மேல் விழுந்து டிரம் சூடேறி லைனர் பிடிப்பை இழந்துவிடும். ஆனால் ஓட்டுகிறவர் எவ்வளவு பக்குவமாகக் கியரில் இறக்கினாலும், லைனர் தேய்ந்து அட்ஜஸ்ட்மென்ட்டும் தளர்ந்து கிடந்தால் அவர் என்ன செய்வார்?

எனக்குப் பெரிய கவலை உங்கள் அண்ணனைப் பற்றித்தான். சம்பளத்துக்கு வந்த டிரைவர் என்றால் “பிரேக் சரியில்லை, நான் எடுக்க மாட்டேன்” என்று சாவியை வைத்துவிட்டுப் போய்விடுவார், அவருக்கு வேறு பத்து வண்டி கிடைக்கும். சித்தப்பாவிடம் அண்ணன் அப்படிச் சொல்வாரா? சொந்தம் என்பதாலேயே வாயை மூடிக்கொண்டு மோசமான வண்டியை எடுத்துப் போகிறார்.

அப்பாவிடம் வாதாட வேண்டாம், கணக்கைக் காட்டுங்கள். அதுதான் உங்கள் கையில் இருக்கிறதே. போன வருஷம் டயர், லைனர், ஸ்பிரிங் பட்டை, கிரீஸ் எல்லாவற்றுக்கும் ஆன செலவைக் கூட்டி, ஓடிய கிலோமீட்டரால் வகுங்கள். ஒரு கிலோமீட்டருக்கு வருகிற அந்தத் தொகையை டிரிப் ஓடிய கிலோமீட்டரால் பெருக்கி, ஒவ்வொரு டிரிப் வாடகையிலிருந்தும் டியூவுக்கு முன்பே எடுத்துத் தனிக் கணக்கில் போடுங்கள். அப்புறம் வழியில் வண்டி நின்ற நாட்களைத் தனியாக எழுதுங்கள்: மெக்கானிக் கூலி, டிரைவர் படி, கைவிட்டுப் போன ரிட்டர்ன் லோடு. தள்ளிப்போட்ட ரிப்பேர் எவ்வளவு தின்றது என்பது அப்பாவுக்கே தெரியும்.

முன்னால் ரீட்ரேட் (தேய்ந்த டயரில் புது ரப்பர் ஒட்டியது) வேண்டவே வேண்டாம், பின்னால் போட்டுக்கொள்ளலாம். பிரேக்குக்கான காற்றைச் சேர்த்து வைக்கும் ஏர் டேங்கில் தேங்கும் தண்ணீரைத் தினமும் திறந்துவிடச் சொல்லுங்கள், ஒரு நிமிஷ வேலை. எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) இருக்கிறதே என்பார் அப்பா. எட்டு வருஷம் தாண்டிய வண்டிக்குக்கூட அது வருஷம் ஒரு முறைதான், அன்றைக்கு வண்டி எப்படி இருந்தது என்பதற்குத்தான் அந்தச் சான்று.

வண்டி சரியில்லை என்று அண்ணன் சொன்னால் அன்றைக்கு அது கிளம்பாது, ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது. இதை அப்பா வாயாலேயே அண்ணனிடம் சொல்ல வைக்க வேண்டும். தொப்பூரில் நடந்ததை அண்ணன் சொல்லும்போது பெரியப்பாவும் பெரியம்மாவும் கூட இருக்கட்டும்.